நாலு நாளைக்கொரு தடவை கிளினிக்குக்கு வரும் 87 வயதுப் பாட்டி: ஒரு நிகழ்வு ஆய்வு

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில், பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அங்கிருந்து டவுன் பஸ் ஏறிக் குடும்ப மருத்துவரின் கிளினிக்குக்கு வருகிற பாட்டிக்கு வயது 87. எடை 43 கிலோ. பெரும்பாலான மாதங்களில் ஆறு, ஏழு தடவை வந்திருக்கிறார். ஒருநாள் கிறுகிறுப்பு, அடுத்து கால் வீக்கம், அப்புறம் வாயு, தூக்கமில்லை, முட்டி வலி, மறுபடி கிறுகிறுப்பு. (இவர் ஒரே ஆள் அல்ல. டெல்டாப் பக்கக் கிளினிக்குகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற முதியவர்கள் பலரின் விவரங்களை ஒருவர்மேல் ஏற்றி எழுதியது. அளவுகளும் அப்படியே.)

மருத்துவ ஆய்வுகளில், ஒரே வயதும் பாலும் உள்ளவர்களில் அதிகம் வருகிற முதல் 10 சதவீதத்தினரை ‘அடிக்கடி வருவோர்’ என்று கணக்கில் எடுப்பது வழக்கம். கிளினிக்கில் அந்தக் கணக்கு உதவாது. அங்கே வேறொரு அளவுகோல் இருக்கிறது: கதவைத் திறந்து உள்ளே வரும்போதே கம்பவுண்டர் முகத்தில் ‘வந்துட்டாங்க’ என்று ஒரு சிரிப்பு வந்தால், அவர் அடிக்கடி வருபவர். ஆபத்தும் அந்தச் சிரிப்பில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு யாரும் அவரை முழுதாகப் பரிசோதிப்பதில்லை. சேலைக்கு மேலேயே ஸ்டெத் வைத்து, ஒரு ஊசி, மூன்று நாள் மாத்திரை, போயிட்டு வாங்க பாட்டி. நாலாம் நாள் பாட்டி திரும்ப வருகிறார்.

இந்த ஆய்வில் எடுத்துக்கொண்ட நிலைப்பாடு இதுதான். 85 வயதைக் கடந்தவர் அடிக்கடி வருவதை ஒரு தொல்லையாக எண்ணாமல், காய்ச்சலைப்போல ஓர் அறிகுறியாக எடுத்துத் துருவிப் பார்க்க வேண்டும். காய்ச்சலுக்கு ஒரே காரணம் இல்லாததுபோல இதற்கும் ஒரே காரணம் இருக்காது. தனிமை என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் மாத்திரைப் பையைத் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

நாள்காட்டி

முதல் வேலை, கிளினிக் நோட்டிலிருந்து கடந்த ஓராண்டு வருகைகளை ஒரு நாள்காட்டியில் ஏற்றியது. ஒவ்வொரு தேதியிலும் மூன்றே விவரம்: என்ன சொல்லி வந்தார், என்ன கொடுக்கப்பட்டது, எத்தனை நாளைக்கு. அரைமணி நேரத்தில் முடிகிற வேலை. இதைச் செய்யாமல் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுப்பது வீண் செலவு.

நாள்காட்டியில் முதலில் கண்ணில் பட்டது கிளினிக்கின் கைவரிசை. மூன்று நாள் மாத்திரை கொடுத்த இடங்களில் நாலாம் நாள் வந்திருக்கிறார். ஐந்து நாள் கொடுத்தபோது ஆறாம் நாள். மருந்தைக் காகித உறையில் போட்டுத் தாமே கொடுக்கிற கிளினிக்குகளில் இது சாதாரணம். கடைசி மாத்திரை தீர்ந்தால் ‘மருந்து முடிஞ்சிருச்சு, போய் வாங்கியாரணும்’ என்றுதான் அந்தத் தலைமுறை புரிந்துகொள்ளும். ஆக வருகைகளில் கணிசமான பங்கு நோயால் வந்ததே அல்ல. உறையில் போட்ட எண்ணிக்கையால் வந்தது.

இரண்டாவது, புகார்களின் வரிசை. ஆண்டின் முதல் மாதங்களில் கால் வீக்கம் மட்டும். அதற்கு நீர் மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்தில் கிறுகிறுப்பு வருகிறது. கிறுகிறுப்புக்கு மாத்திரை எழுதிய ஒன்றரை மாதத்தில் ‘கை கால் மரத்தாட்டம் இருக்கு, எட்டு எடுத்து வைக்க முடியல’ என்கிறார். தேதி போட்டு அடுக்கினால் மட்டுமே தெரிகிற சங்கிலி இது. தனித்தனி வருகையாகப் பார்த்தவருக்கு ஒவ்வொன்றும் ‘வயசாயிருச்சு’ என்றே தோன்றியிருக்கும்.

மூன்றாவது, வராத நாட்கள். கோடை விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்திருந்த நாட்களில் ஒரு வருகைகூட இல்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் வருகை குறைந்திருக்கிறது. அது நலத்தால் அல்ல, சாலையில் தண்ணீர் நின்றதால். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிவிடக் கூடாது. மழை விட்டபின் வந்த முதல் நாளில் அவர் எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது, யாரும் அதைக் கவனிக்கவில்லை.

பஸ்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாட்டியால் யாரிடமும் காசு கேட்காமல் கிளம்ப முடிகிறது. தாத்தாக்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. பாட்டிகள்தான் அதிகம் வருகிறார்கள் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் சேர்த்துப் போட வேண்டும். வராமல் வீட்டிலேயே கிடக்கும் தாத்தாவின் சர்க்கரை இவரைவிட மோசமாக இருக்கலாம்.

மஞ்சள் பை

‘என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?’ என்று கேட்டால் ‘நீங்க குடுத்ததுதான்’ என்ற பதில்தான் வரும். அது பொய்யல்ல, அவர் அறிந்தவரை உண்மை. ஆகவே வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும், தைலம், லேகியம் உட்பட, ஒரு பையில் அள்ளிப் போட்டுக் கொண்டுவரச் சொல்ல வேண்டும். ‘எல்லாத்தையும்’ என்று மருமகளிடம் தனியாகச் சொல்ல வேண்டும். பாட்டியிடம் மட்டும் சொன்னால், டாக்டர் கோபிப்பார் என்று நினைக்கிற மாத்திரைகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

மேசைமேல் கொட்டியபோது கிடைத்தவை: பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி. இரண்டு வேறு அட்டைகளில், நீர் மாத்திரையான ஃப்ரூசமைடு 40, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த சர்க்கரை மாத்திரை (காலை ஒன்று, இரவு ஒன்று), வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல் 40, கிறுகிறுப்புக்குச் சின்னாரிசின் 25 (மூன்று வேளை), தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5 (இரவு), ஆஸ்பிரின் 75, வலி மாத்திரையான டைக்ளோஃபினாக் (‘வலிச்சா’), இரும்புச்சத்து மாத்திரை, பாதி காலியான இஞ்சி லேகியம்.

அம்லோடிபின் ஏன் இரண்டு? 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரைகளைத் தந்துவிட்டுப் போகிறார். கிளினிக்கில் எழுதிக்கொடுத்ததும் அதே மருந்துதான், வேறு கம்பெனி அட்டையில். பாட்டிக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஒரு கண்ணில் புரை இன்னும் எடுக்கவில்லை. மாத்திரையை நிறத்தாலும் அளவாலும்தான் அடையாளம் காண்கிறார். இது ‘கவர்மெண்டு மாத்திரை’, அது ‘டாக்டர் மாத்திரை’. இரண்டையும் ஒழுங்காக, ஒருநாள் விடாமல் சாப்பிட்டிருக்கிறார். ஆக நாளுக்கு 10 மி.கி. இந்த ஒழுங்குதான் அவரைக் கீழே தள்ளியது.

அம்லோடிபின் சிறு தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அவ்வளவாக விரிப்பதில்லை. அதனால் நுண்குழாய்களில் அழுத்தம் கூடிக் கணுக்காலில் நீர் கசிகிறது. அளவு கூடக்கூட வீக்கமும் கூடும். இது உடம்பில் நீர் மிகுந்துபோனதால் வந்த வீக்கம் அல்ல. ஆகவே ஃப்ரூசமைடு கொடுத்தால் வீக்கம் பெரிதாக வடியாது. ரத்தத்தில் இருக்க வேண்டிய நீரும் உப்பும்தான் போகும். எழுந்து நின்றால் கிறுகிறுப்பு. அதற்கு சின்னாரிசின். அது மூளையில், உடல் அசைவைச் சீராக்கும் டோபமைனைத் தடுக்கக்கூடியது. முதியவர்களுக்கு உடல் விறைப்பு, நடுக்கம், இழுத்து இழுத்து நடப்பதைக் கொண்டுவரும். அடுத்த படியாக யாராவது நடுக்குவாதம் என்று ட்ரைஹெக்ஸிஃபெனிடில் எழுதியிருந்தால் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மனக்குழப்பம் என்று சங்கிலி இன்னும் நீண்டிருக்கும். இங்கே அதற்கு முன் நின்றது தற்செயல்தான்.

படுக்க வைத்து, நிற்க வைத்து

அதுவரை நோட்டில் இருந்த ரத்த அழுத்தமெல்லாம் உட்கார்ந்த நிலையில் எடுத்தவை: 160/80, 156/84. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்து, பேசிக்கொண்டே, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தவருக்கு எடுத்தால் அப்படித்தான் காட்டும்.

சரியான முறைக்குப் பத்து நிமிடம் பிடிக்கும். கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லி, ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒன்று எடுக்க வேண்டும். பிறகு எழுந்து நிற்க வைத்து ஒரு நிமிடத்தில் ஒன்று, மூன்று நிமிடத்தில் ஒன்று. கையைத் தொங்கவிடாமல் நெஞ்சு மட்டத்தில் தாங்கிப் பிடிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் அது எழும்போது ஏற்படும் அழுத்த வீழ்ச்சி. பாட்டிக்குப் படுத்தபோது 138/72. ஒரு நிமிடத்தில் 112/60. மூன்றாம் நிமிடத்தில் 108/62, அப்போது அவரே சொன்னார்: “இந்தா வருது பாரு, இதுதாய்யா.” மாதக்கணக்காக விவரித்துச் சொல்ல முடியாமல் இருந்த கிறுகிறுப்பு மேசை ஓரத்திலேயே வந்து நின்றது.

நடைச் சோதனை: நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்கார 24 விநாடி. 12 விநாடிக்கு மேல் போனாலே விழும் அபாயம் உண்டு என்று எடுத்துக்கொள்வார்கள். திரும்பும்போது ஏழெட்டுச் சின்ன எட்டுகள். மணிக்கட்டில் லேசான விறைப்பு.

நினைவாற்றலைப் பார்க்கக் கடிகாரம் வரையச் சொல்வது இங்கே பொருந்தாது. பென்சிலே பிடிக்காத கை அது. அடுத்த அமாவாசை என்றைக்கு, மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா, குறுவை எந்தப் பக்கம் நட்டிருக்கிறார்கள் என்று கேட்டதற்குத் தடுமாறாமல் சொன்னார். சொன்ன மூன்று சொற்களில் இரண்டைத் திருப்பிச் சொன்னார். மூன்றாவது, காதில் விழவே இல்லை. இரண்டு காதிலும் அழுக்கு இறுகி அடைத்திருந்தது. இதுவரை ‘சொன்னா கேக்க மாட்டாங்க’ என்று மருமகள் சொல்லிவந்ததில் ஒரு பங்கு இதற்குச் சேரும்.

வாயையும் திறந்து பார்க்க வேண்டும். வெற்றிலை உரலில் இடித்துப் போடுகிற பழக்கம் உள்ளவர், புகையிலையும் சேரும். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி என மூன்று இடமும் டார்ச் அடித்துப் பார்த்ததில் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இல்லை. பல் இல்லாததால் சாப்பாடு காலையில் நீராகாரம், மதியம் ரசம் சோறு, இரவு இட்லி. பருப்பும் முட்டையும் அபூர்வம்.

கால் வீக்கம் இரண்டு கணுக்காலிலும் சமமாக இருந்தது. டெல்டாவில் பழைய யானைக்கால் நோயின் மிச்சமாக ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கும் முதியவர்கள் உண்டு. ஆனால் ஒற்றைக் கால் புதிதாக வீங்கி வலித்தால் அது சிரையில் ரத்தம் உறைந்ததாகவும் இருக்கலாம், அன்றே பார்க்க வேண்டும்.

ரத்தம் சொன்னது

ரத்தத்தில் சோடியம், அதாவது உப்புச் சத்து, 128; குறைவு. ‘பிரஷருக்கு உப்பே கூடாது’ என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பாட்டி நீராகாரத்தில்கூட உப்பை நிறுத்தியிருந்தார். மறுபக்கம் ஃப்ரூசமைடு உப்பை வெளியேற்றிக்கொண்டிருந்தது. அசதி, பசியின்மை, தடுமாற்றம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும்.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.3. ஆய்வகத் தாளில் ‘சற்றே அதிகம்’ என்பதோடு முடிந்துவிடும். கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். 140-இலிருந்து வயதைக் கழித்தால் 53. அதை எடை 43-ஆல் பெருக்கினால் 2279. அதை 72 × 1.3, அதாவது 93.6-ஆல் வகுத்தால் 24.3, பெண் என்பதால் 0.85-ஆல் பெருக்க, சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு ஏறக்குறைய 21 மி.லி. ஆய்வகங்கள் இப்போது போடும் இன்னொரு சூத்திரத்தில் இதே ரத்தத்துக்கு 40 என்று வரும், அதில் எடை சேராது. 43 கிலோ உடம்புக்கு மாத்திரை அளவை முடிவுசெய்யும்போது குறைந்த எண்ணை மனத்தில் வைப்பதே பாதுகாப்பு. இந்தச் சிறுநீரகத்துக்குத்தான் முட்டி வலிக்கு வாராவாரம் டைக்ளோஃபினாக் ஊசி போய்க்கொண்டிருந்தது.

எச்பிஏ1சி, அதாவது கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு, 6.2. நாற்பது வயதுக்காரருக்குப் பாராட்டலாம். கிளிமிபிரைடு சாப்பிடுகிற 87 வயதுக்காரருக்கு இது, சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கலாம் என்ற எச்சரிக்கை. அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் ஒருவேளை பட்டினி கிடப்பார். மாத்திரையை மட்டும் விடமாட்டார். விடியற்காலையில் ‘படபடன்னு வந்து வேர்த்துக் கொட்டுது’ என்று அவர் வந்த நாட்களை நாள்காட்டியில் பார்த்தால், பல நாட்கள் விரதத்துக்கு மறுநாளாக இருந்தன. அன்றைக்கு ஈசிஜி எடுத்து, இதயம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பியிருக்கிறார்கள். விரலில் குத்தி சர்க்கரை பார்க்கவில்லை. இந்த வயதுக்கு எச்பிஏ1சி 8-க்குள் இருந்தால் போதும்.

ஹீமோகுளோபின் 9.8, சிவப்பணுவின் அளவு பெரிது, பி12 குறைவு. மெட்ஃபார்மினும் பான்டோபிரசோலும் வருடக்கணக்கில் போனால் பி12 உறிஞ்சப்படுவது குறையும். பாதத்தின் மதமதப்புக்கு இதுவும் காரணம். இரும்புச்சத்து மாத்திரை இங்கே வேலை செய்யாது, மலச்சிக்கலைத்தான் கூட்டும். இன்னொரு சிக்கல்: அது மலத்தைக் கறுப்பாக்கும். ஆஸ்பிரினும் டைக்ளோஃபினாக்கும் சாப்பிடுகிறவருக்கு வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுப்பாகத்தான் போகும். எது எதனால் என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும்.

கேட்டால் ஒழிய வராத பதில்கள்

சிறுநீர்க் கசிவை எந்தப் பாட்டியும் தானாகச் சொல்வதில்லை, அதுவும் ஆண் டாக்டரிடம். ‘பஸ்ஸுல வர்றப்ப சிரமமா இருக்கா, வர்ற அன்னிக்கு தண்ணி குடிப்பீங்களா?’ என்று நர்ஸ் கேட்டபோதுதான் வெளியே வந்தது. கிளம்புகிற நாளில் காலையிலிருந்து சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. நீர் மாத்திரையைக் காலையில் போடாமல், வீடு திரும்பிச் சாயங்காலம் போடுவார். அதனால் இரவில் நாலு தடவை எழ வேண்டும். கழிப்பறை கொல்லைக் கடைசியில். அல்பிரசோலத்தின் மயக்கத்தோடு, இருட்டில், ஈரத் தரையில். “அத்தை ராத்திரி எந்திரிச்சுப் போறப்ப நான் முழிச்சுக்கிட்டேதான் கெடப்பேன் டாக்டர், விழுந்துருவாங்களோன்னு,” என்றார் மருமகள். வீட்டில் இருவருக்கும் தூக்கமில்லை. மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் கேட்கும் ஒரே கேள்வி, ‘அம்மாவை டாக்டர்கிட்ட காட்டுனியா?’ என்பது. சில வருகைகள் பாட்டியுடையவை அல்ல. மகனின் கவலைக்குக் காட்ட வேண்டிய ரசீது.

மருமகள் நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போன நாட்களில் பாட்டி கிளம்பியிருக்கிறார். ‘இன்னிக்கு என்ன செய்யுது?’ என்பதைவிட ‘கிளம்பணும்னு எப்பத் தோணுச்சு?’ என்ற கேள்விக்குத்தான் பதில் கிடைத்தது. “அது வேலைக்குப் போயிருச்சுய்யா. ஒத்தையில கெடந்தா நெஞ்சு அடிச்சுக்குது. இங்கனா வந்தா நாலு சனம் இருக்கும்.”

வீட்டையும் பார்த்தாக வேண்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது இந்தப் பக்கத்தில் ஓட்டு வீடும் கூரை வீடும் ஏராளமாகப் போயின. பழைய வீட்டில் திண்ணை இருந்தது. தெருவில் போகிற வருகிற எல்லாரும் பாட்டியிடம் ஒரு வார்த்தை பேசாமல் போக முடியாது. புதிதாகக் கட்டிய கான்கிரீட் வீட்டில் திண்ணை இல்லை. முன்னால் கிரில் கதவு, பூட்டு. வீடு உறுதியானது, உட்கார்ந்து ஊரைப் பார்க்கிற இடம் போயிற்று. கிளினிக் பெஞ்சு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. அங்கே பாட்டி பிறந்த ஊர்க்காரர்களும் வருகிறார்கள். மூன்று மணிநேரம் காக்க வைத்துவிட்டோமே என்று கம்பவுண்டர் முதலில் இவரை உள்ளே அனுப்பினால், பாட்டிக்கு முகம் சுருங்கிவிடுகிறது.

மனச்சோர்வு அளவீட்டின் 15 கேள்விகளில் 4 வந்தது. 5-க்கு மேல் போனால்தான் மேலும் விசாரிக்க வேண்டும். அதனால் மனச்சோர்வு மாத்திரை எழுதவில்லை. சோடியம் 128 இருக்கும்போது அவ்வகை மாத்திரைகளில் பல அதை இன்னும் இறக்கிவிடும் என்பதும் ஒரு காரணம்.

எதை முதலில் நிறுத்துவது

எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தினால், எதனால் என்ன ஆயிற்று என்று சொல்ல முடியாது. பாட்டிக்கும் நம்பிக்கை போய்விடும். உடனே தீங்கு செய்யக்கூடியதை முதலிலும், பழகிப்போனதைக் கடைசியிலும் எடுத்தோம்.

முதல் நாளே நின்றவை: டைக்ளோஃபினாக் ஊசியும் மாத்திரையும், கிளிமிபிரைடு, சின்னாரிசின், ஓர் அம்லோடிபின். மெட்ஃபார்மின் 500 ஒருவேளை மட்டும், தனி மாத்திரையாக. வலிக்குப் பாரசிட்டமால் 500, நாளுக்கு மூன்று. இந்த எடைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. நீராகாரத்தில் உப்பு திரும்பியது, ஊறுகாயும் கருவாடும் வேண்டாம் என்ற நிபந்தனையோடு.

பிரஷர் மாத்திரை இனி ஒரே இடத்திலிருந்து மட்டும், தன்னார்வலர் தருவது. கிளினிக் அட்டை நிறுத்தம். இதைத் தன்னார்வலரிடம் போனில் சொல்லி, ஒரே தாளில் மாத்திரைப் பட்டியல் எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியாயிற்று. காலை மாத்திரைக்கு எதிரே சூரியன், இரவுக்கு நிலா.

ஒரு வாரத்தில் வீக்கம் பாதி வடிந்தபின் ஃப்ரூசமைடு 20 ஆகி, அடுத்த வாரம் நின்றது. இதயச் செயலிழப்பு இல்லை என்று எக்கோவில் உறுதி செய்த பிறகே இதைச் செய்ய வேண்டும். மூச்சு வாங்குகிறவரின் நீர் மாத்திரையில் இப்படிக் கைவைக்கக் கூடாது. பத்தாம் நாள் சோடியம் 135.

ஆஸ்பிரின் ஆறாவது வாரம் நின்றது. இவருக்கு மாரடைப்போ பக்கவாதமோ வந்ததில்லை. 2018-இல் வெளியான ஆஸ்ப்ரீ ஆய்வு, இதய நோய் வந்திராத, பெரும்பாலும் 70 வயது கடந்தவர்களுக்குத் தினசரி ஆஸ்பிரினால் நல்லது தெரியவில்லை, ரத்தக்கசிவு கூடுகிறது என்று காட்டியது. ஸ்டென்ட் வைத்தவருக்கு இந்த முடிவு பொருந்தாது. ஆஸ்பிரினும் வலி மாத்திரையும் போனபின் பான்டோபிரசோலுக்கும் வேலையில்லை, 20 மி.கி. ஆக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் கொடுத்து நிறுத்த வேண்டும்.

ஊசி இல்லாமல் பாட்டி திருப்தியாக மாட்டார் என்பது தெரிந்ததுதான். பி12 ஊசி, 1000 மைக்ரோகிராம், இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு மாதம் ஒன்று. தேவையான ஊசியே கையில் இருக்கும்போது தேவையில்லாத ஊசிக்கு ஏன் சண்டை போட வேண்டும்.

வருகையைக் குறைக்கச் சொல்லவில்லை. வியாழக்கிழமை தோறும், உடம்புக்கு ஏதாவது இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாருங்கள் என்று நாள் குறித்தாயிற்று. இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நோவு இருந்தால்தான் வரலாம் என்றால், வர விரும்புகிறவருக்கு நோவு வந்தாக வேண்டும். நாள் முன்பே குறித்திருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. மாத்திரை ஒரு மாதத்துக்கு மொத்தமாக.

மற்றவை சிறியவை. காதில் ஐந்து நாள் எண்ணெய்ச் சொட்டு விட்டு இளக்கிக் கழுவியது. கட்டிலுக்குப் பக்கத்தில் இரவில் பயன்படுத்தக் கைப்பிடி வைத்த கழிப்பு நாற்காலி. கொல்லை வழியில் ஒரு எல்இடி விளக்கு. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைப் பத்துப் பத்தாகச் சொல்லிக்கொடுத்தது. தினம் ஒரு முட்டை, குழைய வேகவைத்த பருப்பு.

தடுக்கி விழுந்த இடங்கள்

மூன்றாம் வாரம் கிறுகிறுப்பு திரும்பியது. பாட்டி பழைய ஃப்ரூசமைடு அட்டையை ஒரு முடிச்சில் பத்திரமாக வைத்திருந்தார். கணுக்காலில் லேசாக நீர் தெரிந்ததும் மருந்துக்கடையில் அந்த அட்டையைக் காட்டி ஒன்று வாங்கியிருக்கிறார்கள். நிறுத்திய மாத்திரையின் காலி அட்டையைக்கூட வீட்டில் விட்டுவைக்கக் கூடாது. கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அல்பிரசோலத்தையும் பான்டோபிரசோலையும் ஒரே சமயத்தில் குறைத்தது தவறான யோசனை. பான்டோபிரசோலை நிறுத்தினால் வயிற்றில் அமிலம் சில வாரம் மீறிச் சுரக்கும். இரவில் நெஞ்செரிச்சல், அதனால் தூக்கமில்லை, பழி அல்பிரசோலத்தின்மேல். பான்டோபிரசோலை 20-இல் நிறுத்திவைத்து, அல்பிரசோலத்தை இரண்டு வாரத்துக்குக் கால் பங்கு என்று இறக்கியதில்தான் முன்னேறியது. வருடக்கணக்காகச் சாப்பிட்ட அல்பிரசோலத்தை ஒரேயடியாக நிறுத்தினால் நடுக்கம், பதற்றம், வலிப்புகூட வரலாம்.

இன்னொன்று பெரிய ஊரிலிருந்து வந்தது. மகன் விடுமுறையில் வந்தபோது பாட்டியைத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போக, அங்கே உட்கார்ந்த நிலையில் 158 பார்த்து, அம்லோடிபினை இரட்டிப்பாக்கி, புதிதாகக் கிறுகிறுப்பு மாத்திரையும் எழுதிவிட்டார்கள். சங்கிலி முதலிலிருந்து தொடங்கியது. இப்போது அலமாரித் தாளின் நகல் ஒன்று பாட்டியின் பையிலேயே இருக்கிறது. அதில் படுத்த, நின்ற அழுத்த அளவுகளும், நிறுத்திய மாத்திரைகளும், ஏன் நிறுத்தினோம் என்ற ஒருவரிக் காரணமும் உண்டு.

எப்போது ‘வழக்கமான வருகை’ அல்ல

அடிக்கடி வருகிறவரிடம்தான் பெரிய நோய் கைநழுவும். மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல், வெறும் அசதியாகவோ மூச்சிரைப்பாகவோ வரும். நிமோனியா காய்ச்சலே இல்லாமல் வரும். முதியவரின் வழக்கமான வெப்பநிலையே குறைவு என்பதால், வழக்கத்திலிருந்து ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேல் ஏறினாலே காய்ச்சல்தான். நேற்றுவரை அமாவாசைக் கணக்குச் சொன்னவர் இன்று பேச்சு குழறினாலோ, வழக்கமான நாளில் வராமல் போனாலோ, பெஞ்சில் யாரிடமும் பேசாமல் உட்கார்ந்திருந்தாலோ அன்று முழுப் பரிசோதனை. எடை ஒவ்வொரு வியாழனும், அதே தராசில்.

ஆறு மாதத்தில்

படுத்து 146/74, நின்று 132/70, கிறுகிறுப்பு இல்லை. நடைச் சோதனை 17 விநாடி. சின்னாரிசினால் வந்த விறைப்பு முழுதும் விலக இன்னும் சில மாதம் ஆகலாம். எடை 45. எச்பிஏ1சி 7.4, மெட்ஃபார்மினையும் நிறுத்திப் பார்க்க இடமிருக்கிறது. விழவில்லை. வருகை மாதத்துக்கு நாலைந்து; ஆறேழிலிருந்து பெரிய குறைவு என்று சொல்ல முடியாது. அதில் குறிக்காத நாளில் ஒன்று, ‘சும்மாத்தான் வந்தேன்’ என்ற புகாரோடு. நோட்டில் அப்படியே எழுதியிருக்கிறது, மருந்து எதுவும் கொடுக்கவில்லை. தூக்கம் இன்னும் சரியில்லை. அல்பிரசோலம் கால் மாத்திரையில் நிற்கிறது, அதற்குக் கீழே இறக்கப் பாட்டி சம்மதிக்கவில்லை. மற்றக் கண்ணில் புரை எடுப்பது தை அறுவடை முடிந்து, மருமகள் கூட வர முடிகிற வாரத்துக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது. அதற்கு முன் சோடியமும் கிரியேட்டினினும் ஒருமுறை.